வற்றம்

துரத்தத் தொடங்கும்போது இடுப்பளவு நீர் இருந்தது.
முனை திரும்பும்போது முழங்கால்.
பிறகு அடிப்பலகையில் சேறு உரசும் ஓசை.
நின்றது எங்கள் படகு.
கூப்பிடு தூரத்தில்
நின்றது அவனுடையதும்.

எங்கள் இருவரையும் அப்படியே வைத்துவிட்டு
மேற்கே நடந்து போயிற்று கடல்.

ஆர்கின் திட்டின் சட்டம் சிறியது:
மீன் பிடிக்கப் பாய்.
மோட்டார்,
ஆள் பிடிக்க மட்டும்.
இரண்டு மோட்டார்கள் இப்போது
வாலைத் தூக்கிக்கொண்டு சேற்றில்.

அடுத்த ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம்.
கரிப்பெட்டியைத் திறந்தான் சாலெக்.
நான் தொலைநோக்கியைத் துடைத்தேன்.
நீலமும் சிவப்பும் பூசிய நீண்ட படகு,
செயிந்த் லூயியிலிருந்து வந்திருக்க வேண்டும்.
நான்கு பேர்.
ஒருவன் தூங்குவதுபோல் கிடக்கிறான்.

சேறு மினுங்கத் தொடங்கியதும் பறவைகள் இறங்கின.
எங்கிருந்து என்று கேட்காதீர்கள்,
வானத்தை யாரோ உதறியதுபோல.
உள்ளான்கள், மூக்கன்கள்,
எட்டத்தில் ஒரு கோடாகப் பூநாரைகள்.
காவலன் யார், களவாண்டவன் யார் என்று பாராமல்
இரு படகுக்கும் நடுவே
தைக்கத் தொடங்கின, ஊசி ஊசியாய்.

போன குளிரில் எண்ண வந்த திட்ஸ்கே சொன்னாள்:
வடக்கே பனி முந்தி உருகுகிறது,
பூச்சிகள் முந்திக்கொள்கின்றன, குஞ்சுகள் பிந்துகின்றன.
அரைவயிற்றுக் குஞ்சுக்கு அலகு குட்டை.
குட்டை அலகுக்கு இங்கே மட்டி எட்டாது.
எவ்வளவு குட்டை என்றேன்.
சுண்டுவிரல் நகத்தின் வெள்ளைப் பிறையைக் காட்டினாள்.

அந்தப் பிறையளவு பசிக்கு
நான் எந்தப் படகைத் துரத்த?

மூன்றாவது மணியில் ஒருவன் இறங்கி வந்தான்,
தொடைவரை சேறு, கையில் காலி டப்பா.
ந்தியாகா என்றான். தண்ணீர் என்றான்.
கொடுத்தேன். குடித்துவிட்டு உடனே போகவில்லை.
சாலெக் நீட்டிய தேநீரையும் வாங்கிக்கொண்டான்.
எங்கள் ஹஸ்ஸானியா அவனுக்குப் பாதி,
அவன் வொலோஃப் எங்களுக்குப் பாதி,
மீன்களின் பெயர் மட்டும் எல்லோருக்கும் முழுசு.
உங்கள் பக்கம் மீன் இல்லையா, கேட்டேன்.
"கப்பல்கள் இருக்கின்றன" என்றான்.

அவன் திரும்பிப் போனபின்தான் அங்கே சத்தம்.
தொலைநோக்கியில் பார்த்தேன்:
வலைக்குள் கிடந்த உழுவை,
பாதி திருக்கை, பாதி சுறா,
பீலிக்காக நுவாதிபுவரை விலைபேசப்படுவது,
ஈன்றுகொண்டிருந்தது.
நீரில்லாப் பலகைமேல்
சாண் நீளத்தில் ஒன்று, இரண்டு,
ஐந்து.

நீர் இறைக்கும் சட்டியில் அவற்றை அள்ளிக்கொண்டு
அதே சேற்றில், இம்முறை எங்களை நோக்கியல்ல,
கடற்புல் நடுவே தேங்கிய ஒரு குட்டைக்கு
நடந்தான் ந்தியாகா.
பறவைகள் அவனுக்கு வழிவிட்டு
அவன் முதுகுக்குப் பின்னே மூடிக்கொண்டன.
குனிந்தான். நிமிர வெகுநேரமாயிற்று.

தாயை அவன் எடுத்து வரவில்லை.
அதையும் எழுத வேண்டும்.

அறிக்கைத் தாளில் கட்டங்கள் உண்டு:
படகின் நீளம், குதிரைத்திறன், வலைக்கண்ணின் அகலம்,
பறிமுதல், கிலோவில்.
ஐந்து குட்டிகளை எந்தக் கட்டத்தில் போட?
"எடையில் கழித்துக்கொள்" என்றான் சாலெக்,
கரியை ஊதியபடி.

வெயில் சாய, நுரை விளிம்பு திரும்பி வந்தது,
முதலில் குட்டைக்கு,
அப்புறம் பறவைகளின் கால்களுக்கு.
அவை ஒரே மூச்சில் எழுந்து போயின.
சட்டென்று எவ்வளவு காலியிடம்.

எங்கள் படகு கொஞ்சம் அசைந்தது.
அவனுடையது பாரம், இன்னும் அசையவில்லை.
அவன் மோட்டார்க் கயிற்றில் கை வைத்திருந்தான்.
நானும்.

மூன்று தம்ளரில் ஒன்று
அவனோடு போய்விட்டதை
சாலெக் அப்போதுதான் எண்ணிப் பார்த்தான்.